மண்ணுக்கு "கரண்ட்" வையுங்கள்! ராணிப்பேட்டை விஷம் வெளியே வரட்டும்

மண்ணில் ஊறிப்போன விஷத்தை மின்சாரம் பாய்ச்சி வெளியே இழுக்கலாம். தோண்ட வேண்டாம். லாரி வேண்டாம். விஷம் இருக்கிற இடத்திலேயே வேலையை முடிக்கலாம்.

"என்னய்யா இது, மண்ணுக்கு ஷாக் வைத்தியமா?" என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இது சிரிப்புச் சங்கதி அல்ல. வெளிநாடுகளில் செய்து காட்டிய வேலை. இது அவசியம் தேவைப்படும் ஊர் ராணிப்பேட்டை.

மஞ்சள் தண்ணீர்

தோல் பதனிடும் தொழிலுக்கு ரசாயனம் தயாரித்த குரோமேட் ஆலை ஒன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்தது. 1970களில் தொடங்கிய அந்த ஆலை 1995ல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது. அது கொட்டிய கழிவு போகவில்லை. கொஞ்சநஞ்சமா? 2 லட்சம் டன்னுக்கு மேல்!

மழை பெய்யும்போதெல்லாம் அதில் இருந்த குரோமியம் கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. நிலத்தடி நீர் மஞ்சளானது. உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் 2006ல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம் பிடித்தது. ஊருக்குக் கிடைத்த "பெருமை" அது!

இந்தக் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். தோலில் பட்டால் புண். தூளாக மூச்சில் ஏறினால் நுரையீரல் புற்றுநோய். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி முழுவதற்கும் சேர்த்து, அரை கிராம் சொச்சம்!

குவியல் போனால் போதுமா?

கழிவை எப்போது அள்ளுவார்கள் என்றே வருடக்கணக்கில் பேச்சு. அள்ள வேண்டியதுதான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மேலே கிடப்பதை அள்ளிவிட்டால், கீழே ஊறியதை யார் எடுப்பது? சாக்கடையைத் துடைத்துவிட்டு, சுவரில் ஏறிய ஈரத்தை விட்டுவிட்ட கதையாகிவிடும்.

மோட்டார் வைத்து நீரை இறைக்கலாம் என்பார்கள். மணல் என்றால் சரி. களிமண்ணில் தண்ணீர் லேசில் நகராது. பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், விஷம் உள்ளே உட்கார்ந்தே இருக்கும்.

அங்கேதான் மின்சாரம் கை கொடுக்கிறது. மண்ணில் எதிரும் புதிருமாகக் கம்பிகளை இறக்கி, நேர்மின்சாரம் கொடுப்பார்கள். பாட்டரியில் உள்ளதுபோல் ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்தால் மைனஸ் சுமையோடு இருக்கும். அதனால் பிளஸ் கம்பியைத் தேடி வரும். வந்ததும் அங்கே தண்ணீரோடு உறிஞ்சி எடுத்து, சுத்திகரிக்க வேண்டியதுதான்.

ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர் நகரும் என்பதை மாஸ்கோவில் ராய்ஸ் என்ற விஞ்ஞானி 200 வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். 1987ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், பெயின்ட் தொழிற்சாலை இருந்த இடத்து மண்ணிலிருந்து ஈயமும் செம்பும் இப்படி எடுக்கப்பட்டன.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாதுகா என்ற ஊர். அங்கே யுரேனிய ஆலை வளாகத்துக் களிமண்ணில் பிசுக்கு எடுக்கும் ரசாயனம் ஊறிக்கிடந்தது. 1995ல் சிறு துண்டு நிலத்தில் சோதனை. 4 மாதத்தில் 98 சதவீதம் காலி! அதன்பிறகு 1999 முதல் 2001 வரை முழு இடத்தையும் சுத்தம் செய்தார்கள். முதலில் சோதனை, பிறகு பெரிய வேலை. அதுதான் முறை.

அரை கிலோ கணக்கு

இதில் மந்திரம் மாயம் எதுவும் இல்லை. 1996ல் நியூ மெக்சிகோவில் இதே குரோமியத்தை மண்ணிலிருந்து எடுக்க சாண்டியா ஆய்வுக்கூட வளாகத்தில் சுமார் 6 மாதம் மின்சாரம் கொடுத்தார்கள். கிடைத்தது சுமார் அரை கிலோ!

"இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்கலாம். டேங்கர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த அரை கிலோ, 800 டேங்கர் நல்ல தண்ணீரை அபாய எல்லைக்குக் கொண்டுபோகப் போதும்.

ஆனாலும் 2 லட்சம் டன் குவியலை மின்சாரத்தால் தீர்க்க முடியாது. குவியலுக்கு ஆளும் லாரியும் பாதுகாப்பான கிடங்கும்தான் வழி. மின்சாரம் அடியில் உள்ள களிமண்ணுக்கு. இந்த இரண்டையும் குழப்பி, "மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேறு சிக்கலும் உண்டு. பிளஸ் பக்கம் மண் புளித்து அமிலமாகும், மைனஸ் பக்கம் காரமாகும். அதைக் கவனிக்க ஆள் வேண்டும். மண் காய்ந்தால் மின்சாரம் பாயாது. பழைய இரும்பு புதைந்திருந்தால் கரண்ட் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆடு மாடு, குழந்தைகள் நெருங்காமல் வேலியும் காவலும் கட்டாயம்.

காசு யார் கொடுப்பது?

கெடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். வேலூர் மாவட்டத் தோல் ஆலை வழக்கில் 1996லேயே சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொன்ன தீர்ப்பு அது. ராணிப்பேட்டை அப்போது அதே மாவட்டம்தான். அந்தத் தீர்ப்பைத் தூசி தட்டி எடுக்க இன்னும் என்ன தயக்கம்?

ஒரே ஒரு சென்ட் நிலத்தை வேலி போட்டு அடையுங்கள். கம்பியை இறக்குங்கள். 6 மாதம் நடத்துங்கள். மாதம் எத்தனை யூனிட் செலவு, எத்தனை கிராம் விஷம் வந்தது, பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு குறைந்தது என்று ஊர் நடுவே போர்டில் எழுதி வையுங்கள். பலித்தால் அடுத்த சென்ட். பலிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.

ஆலை மூடி 30 வருடம் ஓடிவிட்டது. கமிட்டி, அறிக்கை, கோர்ட்டு எல்லாம் பார்த்தாயிற்று. குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு அறிக்கை வேண்டாம், தண்ணீர் வேண்டும்.