சீசன் முடிந்த பிறகு ஒரு நாள் வொண்டர்லாண்டுக்குப் போங்கள்

ஓகஸ்ட் லோங் வீக்கென்டில் வொண்டர்லாண்டுக்குப் போய் வந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் "எப்படிப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பார்க்கிங் கதை வரும், பிறகு வரிசைக் கதை, அதற்குப் பிறகு வெயில் கதை. ஏறிய றைட்டுகளைப் பற்றிக் கடைசியில்தான் சொல்லுவார்கள். மூன்று வானில் இருபது பேர் போயிருப்பார்கள். பிள்ளையள் பாதி நாள் வரிசையில் நின்றிருப்பார்கள். அம்மாவோ அம்மம்மாவோ எல்லாருடைய பைகளையும் காத்துக்கொண்டு மர நிழலில் இருந்திருப்பார்கள். அப்பா இரவு ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். படத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். ஆனால் அந்த நாளில் ஒன்றாக இருந்த நேரம் எவ்வளவு?

இந்த வருடம் ஒரு தடவையாவது கூட்டம் இல்லாத காலத்தில் போய்ப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. காசு மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையோடு தாய் தகப்பனும் பேரன் பேத்தியோடு பாட்டனும் பாட்டியும் உண்மையில் ஒன்றாக இருக்கக்கூடிய நாள் அதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

வொண்டர்லாண்ட் 1981 மே 23ஆம் திகதி திறந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து 83 ஜூலை வந்தது. அதன் பிறகு இங்கே வந்து இறங்கிய எங்கள் சனத்துக்கு லோங் வீக்கென்ட் என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். விடுமுறை நாளில் வேலை செய்தால்தான் ஊருக்குக் காசு அனுப்பலாம், ஏஜென்சிக் கடனை அடைக்கலாம், வீட்டுக்கு முற்பணம் சேர்க்கலாம். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கடன் அடைந்து பல வருடமான பிறகும் அதே பழக்கம் தொடர்கிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கும்வரை காத்திருக்கிறோம். அந்த நாள் வந்ததும் முழு ஒன்ராறியோவும் போகிற இடத்துக்கு நாங்களும் போகிறோம்.

ஒன்ராறியோச் சட்டப்படி ஒரு வருடம் வேலை செய்தவருக்கு இரண்டு கிழமை விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் முடிந்தால் மூன்று கிழமை. எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது. ஆனால் தனித்தனி நாளாக எடுக்க விரும்பினால் எழுத்தில் கேட்கலாம், அவர் சம்மதித்தால் எடுக்கலாம். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்? பலர் விடுமுறைச் சம்பளத்தைக் காசோலையில் பார்ப்பதோடு சரி. ஒரு நாள் லீவு கேட்பது யாரிடமும் கையேந்துவது இல்லை. அது உழைத்துச் சேர்த்த நாள்.

சரி, எந்த நாள்? இங்கேதான் கொஞ்சம் திட்டமிட வேண்டும். சீசன் இல்லாத காலமெல்லாம் கூட்டம் இல்லாத காலம் என்று நினைக்கக் கூடாது. ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை இரவில் ஹலோவீன் கூட்டம் ஓகஸ்டைத் தோற்கடிக்கும். செப்டெம்பரில் தொழிலாளர் தினம் கழிந்த பிறகு வொண்டர்லாண்ட் பெரும்பாலும் வார இறுதியில்தான் திறக்கும். தண்ணிப் பூங்காவும் மூடிவிடும். ஆகவே செப்டெம்பரில் ஒரு ஞாயிறு காலை, கதவு திறக்கும் நேரத்துக்கே போவது நல்லது. வசந்தத்தில் என்றால் மே மாதம், மழை வரலாம் என்று மற்றவர்கள் பின்வாங்குகிற ஒரு நாள். மே, ஜூன் வாரநாள்களில் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வரும், இருந்தாலும் ஓகஸ்ட் வரிசை இராது. எப்படியென்றாலும் புறப்படுமுன் பூங்காவின் காலண்டரைப் பாருங்கள்.

"பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிப் போட்டோ போறது?" என்று கேட்பீர்கள். தேவையில்லை. ஆசிரியர்களுக்கு வேலை, பிள்ளைகளுக்கு லீவு என்று வருகிற பி.ஏ. நாள்கள் வருடத்தில் சில இருக்கின்றன. ரொறொன்ரோ சபையின் பி.ஏ. நாளும் யோர்க் பிராந்தியச் சபையின் பி.ஏ. நாளும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. ஸ்காபரோப் பிள்ளைக்கு லீவு கிடைக்கிற நாளில் மார்க்கம் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமையில் பூங்கா திறந்திருந்தால் அதுதான் உங்களுடைய நாள்.

குளிரும், சில றைட் ஓடாது என்பதும் உண்மைதான். பலத்த காற்றும் இடியும் வந்தால் பெரிய றோலர் கோஸ்ரர்களை நிறுத்திவிடுவார்கள். 93 மீற்றர் உயரத்தில் மணிக்கு 148 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற லெவியத்தனில் ஏற வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருகிற பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அது ஏமாற்றம்தான். அதை முதலே சொல்லிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் முழங்கால் நோவுள்ள அம்மம்மாவுக்கு அந்தக் குளிர்தான் நல்லது. பூங்கா சுமார் 330 ஏக்கர். ஓகஸ்ட் வெயிலில் அவரால் அதில் கால்வாசியும் நடக்க ஏலாது. செப்டெம்பரில் ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக நடக்கலாம், நினைத்த இடத்தில் வாங்கு கிடைக்கும். அங்கே 1928இல் செய்த பழைய மரக்குதிரை ராட்டினம் ஒன்று இருக்கிறது. அதில் பேத்தியோடு அவரும் ஏறலாம். பை காக்கிற வேலையை அன்றைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கார் இல்லாத வீடுகளும் உண்டு. 2017 டிசெம்பரிலிருந்து சுரங்க ரயில் வான் வரைக்கும் ஓடுகிறது. அங்கிருந்து யோர்க் பிராந்திய பஸ் எடுக்கலாம். 2024 பெப்ரவரியிலிருந்து பிரெஸ்டோ அட்டையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம்தான். ஸ்காபரோவிலிருந்து நேரம் எடுக்கும், உண்மைதான். சாப்பாட்டு விஷயத்தையும் முதலே யோசியுங்கள். வெளிச்சாப்பாட்டைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். புட்டும் கறியும் காரில் இருக்கட்டும், மத்தியானம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம்.

தூரம் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒஹாயோவில் இருக்கும் சீடர் பொயின்ற் 1870இலிருந்து இயங்கும் பூங்கா, றோலர் கோஸ்ரருக்குப் பேர்போன இடம். ஆனால் எல்லை கடக்க வேண்டும். கனடியக் குடியுரிமை உள்ளவர் பாஸ்போர்ட்டோடு போகலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டும் நிரந்தர வதிவிட அட்டையும் மட்டும் உள்ள மாமிக்கு அமெரிக்க விசா வேண்டும். ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பயணம் எங்கள் குடும்பங்களுக்குச் சரிவராது. அதற்கு மொன்றியல் நல்லது. 1967 உலகக் கண்காட்சிக்காகத் திறந்த லா ரோண்ட் பூங்கா அங்கே இருக்கிறது. மொன்றியலில் ஒரு சித்தப்பாவோ மச்சாளோ இல்லாத வீடு எங்களில் குறைவு, தங்குவதற்கும் இடம் தேட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் ரொறொன்ரோத் தீவில் இருக்கும் சென்டர்வில் போதும். உள்ளே போகக் காசில்லை, படகுக்கும் ஏறுகிற றைட்டுக்கும்தான். குளிர்காலத்தில்தான் லீவு கிடைக்கும் என்றால் நயாகராவின் ஸ்கைவீல் வருடம் முழுக்கச் சுற்றுகிறது, பெட்டிக்குள் சூடாக இருக்கலாம்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பா அம்மா உங்களை வொண்டர்லாண்ட் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் சரியாகப் பார்க்காதவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். "எங்களுக்கு என்னத்துக்கு, நீங்கள் போய் வாங்கோ" என்றுதான் சொல்லுவார்கள். அதைக் கேட்டுவிட்டு விடாதீர்கள். சீசன் ரிக்கெற் வாங்கும்போது அவர்களுக்கும் ஒன்று வாங்குங்கள்.

பள்ளிக்கூடக் காலண்டரும் பூங்காக் காலண்டரும் இணையத்தில் இருக்கின்றன. இன்றிரவு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு திகதியைத் தெரிவுசெய்யுங்கள். நாளைக்கு வேலையிடத்தில் அந்த நாளுக்கு லீவு எழுதிக் கொடுங்கள்.