முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது?



கோட்டையூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். காரைக்குடியைக் கல்வி நகரமாக்கிய வள்ளல் அழகப்பர், பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா. இருவராலும் நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த ஊரில் மனிதர் குடியிருக்கலாம் என்று முதலில் ஆக்கிக் கொடுத்தவர்கள் வேறு சிலர். ஊருணியும் கண்மாயும் வெட்டியவர்கள்.

நம் சீமையைப் பாருங்கள். செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வருடத்து மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். நகரத்தார் எனும் வணிகர் சமூகம் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்து இங்கே குடியேறியதாக அவர்கள் வரலாறு சொல்கிறது. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வறண்ட பூமியைப் பார்த்து எப்படி இருந்திருக்கும்?

அவர்களுக்கு வழி காட்ட, முன்பே இந்த மண்ணில் உழுதுகொண்டிருந்த குடிகளும் பாண்டியர் காலத்துக் கண்மாய்களும் இருந்தன. பயிருக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று பிரித்து வைத்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் குளிக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது. கண்மாயில் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க நீர்க்கட்டி இருந்தார். நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் விளைச்சல்.

வீட்டையும் இந்தக் கணக்கில்தான் கட்டினார்கள். நாலு பக்கமும் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். விழுகிற மழையை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சியது முற்றத்திலிருந்து தெருக் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊருணிக்கோ கண்மாய்க்கோ சேரும். எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2003-இல் சட்டம் போட்டது. நம் அப்பத்தாக்களுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊருணி வெட்டப் பணம் போட்டவர்கள் ஒருபுறம் இருக்க, வெயிலில் மண் வெட்டிக் கூடையில் சுமந்தவர்கள் கூலிக்கு வந்த ஏழைகள். நம் பக்கத்துப் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊர் ஊருணியில் குடம் இறக்கும் உரிமையே நெடுங்காலம் இல்லை. நன்றி சொல்வதென்றால் முதலில் அந்தக் கைகளுக்குச் சொல்வோம்.

இப்படி நினைவில் வைத்துக் கொண்டாடுகிற ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை. 1847-இல் அந்த வறண்ட பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தவர்கள், வந்த கையோடு ஓடையைத் திருப்பி நிலத்துக்குப் பாய்ச்சி விதைத்தார்கள். அவர்கள் வந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் பிறந்தநாளில், ஜனவரி 15 அன்று, தேனி மாவட்டத்து விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். நம் ஊருணிக்கு யார் பொங்கல் வைப்பது?

பொங்கல்கூட வேண்டாம். இன்று பல வீடுகளில் முற்றத்தின் மேல் ஷீட் போட்டாகிவிட்டது. முன்னோர்களுக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில் கால்வாய் அடைத்திருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் பிளாஸ்டிக் கவர், குப்பை, சில இடங்களில் கட்டடமே. பெய்கிற மழையைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு போர்வெல்லை இன்னும் ஆழமாக்குகிறோம். கேன் தண்ணீருக்கு மாதா மாதம் காசு கொடுக்கிறோம். இது எந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்?

ஊருணியைத் தூர்வாரிப் படிகளைச் சீர்செய்தால் மட்டும் போதாது. தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் அது வெறும் பள்ளம். வரத்துக்கால்களை மீட்பது ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் வருவாய்த்துறையும் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம். நம் வாசல் கால்வாயைச் சுத்தம் செய்ய மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் தெரு வரத்துக்கால் வழியே ஊருணிவரை நடந்து பாருங்கள். சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் போனில் கேளுங்கள். உங்கள் முற்றத்துத் தண்ணீர் எந்த ஊருணிக்குப் போகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். வந்த கடிதங்களை அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்