வேப்பிலைக்கு அடங்காத நோய்

"இது ஊசி மருந்துக்கு அடங்குற சீக்கு இல்லைங்க. யாரோ செஞ்சு வெச்சிருக்காங்க." மலேசியாவில் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் போன மாதம் என்னிடம் இப்படிச் சொன்னவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் பேசியது, பிள்ளை பெற்று மூன்று வாரமே ஆன ஒரு பெண்ணைப் பற்றி. அவள் இரவு பகலாகத் தூங்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு; தோளில் வேப்பங்குச்சி பட்ட தடிப்பு. சாமியாடிக்கு எண்ணூறு வெள்ளி அழுதிருக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளிதான்!

பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு இப்படிச் சித்தம் கலங்கும். உடனே மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். தள்ளிப்போட்டால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. இதைச் சொன்னால், "சாமி பார்த்து முடியட்டும், அப்புறம் டாக்டர்" என்கிறார்கள்.

சாமி பார்த்து முடியட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் ஏர்வாடியில் வெந்து செத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6, தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டம். தர்காவை நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட நோயாளிகளைக் கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது ஓட முடியவில்லை. 28 உயிர். எந்தச் சாமி பார்த்தது?

மந்திரிப்பது நம் பண்பாடு என்று வாதாடுகிறவர்கள் ஆப்பிரிக்காவைக் காட்டுகிறார்கள். நைஜீரியாவின் மனநல மருத்துவர் லம்போ 1950களில் அபெகூட்டா அருகே ஆரோவில் நோயாளிகளை உறவினரோடு கிராமத்து வீடுகளில் தங்கவைத்தார். நாட்டு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டார். உண்மைதான். ஆனால் மருந்தும் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருந்தன. டாக்டரை விரட்டிவிட்டு மந்திரவாதியை அவர் உட்காரவைக்கவில்லை. ஏர்வாடிக் கொட்டகையில் எந்த டாக்டர் இருந்தார்?

மருத்துவமனை என்றாலே நம்மவர்களுக்குக் கேவலம். 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மனம் கலங்கினால் செய்வினை என்கிறோம். பால்மரத்தை வெட்டி, தோட்டத்தைத் துண்டாடி விற்று, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது எத்தனை பேர் மனம் உடைந்தார்கள்! அதற்கும் செய்வினைதான் காரணமா? சம்சு குடித்துச் செத்தவனுக்கும் காத்துக்கருப்புதான் காரணமா? கோயில் தேருக்கு வசூல் ஆகிறது. நோயாளியைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக மட்டும் வேன் கிடைப்பதில்லை.

கோயில் நிர்வாகங்களையே கேட்கிறேன். சித்தம் கலங்கிய ஒருவரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். திருநீறு பூசித்தான் ஆகவேண்டும் என்றால் வேனில் வைத்துப் பூசுங்கள்.