பாலத்துக்குக் கட்டம் போட்டாச்சு, ஆட பெஞ்சு எங்கே?

சென்னையில் செஸ் சாம்பியன்களுக்குப் பஞ்சம் இல்லை. தடுக்கி விழுந்தால் ஒரு கிராண்ட்மாஸ்டர் மேல்தான் விழ வேண்டும். ஆனால், ஆபீஸ் முடிந்து வருகிற ஒரு குமாஸ்தா, "சும்மா நாலு ஆட்டம் ஆடிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று நினைத்தால், உட்கார இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

2022-ம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை ஊரே அமர்க்களப்பட்டது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்டு வர்ணம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை "தம்பி" மூலைக்கு மூலை நின்று கும்பிடு போட்டது. ஜனங்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி. பாலத்தின் மேல் யாரும் செஸ் ஆட முடியாது. ஆட வேண்டியது ஒரு ஹாலில், மேஜை போட்டு, விளக்கைப் போட்டு. அந்த ஹால் எங்கே என்பதுதான் கேள்வி.

வாரச் செஸ் கூட்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு சாயங்காலம், பத்து இருபது பேர் ஒரு இடத்தில் கூடுவார்கள். சுருட்டி வைத்த துணி போர்டை விரிப்பார்கள். காய் அடுக்குவார்கள். அப்புறம் 5 நிமிட ஆட்டம். இதைத்தான் "பிளிட்ஸ்" என்கிறார்கள். ஆளுக்கு 5 நிமிடம்தான். அதற்குள் ஜெயிக்க வேண்டும், இல்லை தோற்க வேண்டும். இரண்டு முகம் உள்ள கடிகாரம் பக்கத்தில் ஓடும். காயை வைத்ததும் பட்டனைத் தட்டினால் தன் முள் நிற்கும், எதிராளி முள் ஓடும். எந்தக் கையால் காய் வைத்தாரோ அதே கையால்தான் தட்ட வேண்டும். ஒரு கை காயில், ஒரு கை கடிகாரத்தில் என்று வைத்துக்கொண்டு ஆடுகிற கில்லாடிகளுக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் 10 நிமிடம். 10 பேர் சேர்ந்து எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதென்றால் மொத்தம் 45 ஆட்டம். 5 போர்டு போட்டால் 9 சுற்று. ஒன்றரை மணி நேரத்தில் போட்டியே முடிந்துவிடும்! ஆள் அதிகமாக இருந்தால் "சுவிஸ்" முறை. சம புள்ளி எடுத்தவர்களை ஒருவரோடு ஒருவர் மோத விடுவார்கள். தோற்றவன் மூட்டை கட்ட வேண்டியதில்லை. முதல் ஆட்டத்தில் உதை வாங்கியவனும் கடைசிச் சுற்று வரை ஆடலாம். மணிக்கணக்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரம் இல்லாத மளிகைக்கடைக்காரருக்கும், தாம்பரம் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய கிளார்க்குக்கும் இதைவிடத் தோதான ஆட்டம் கிடையாது.

சோவியத் மையத்தில் பிறந்த பழக்கம்

இந்த 5 நிமிடக் கூத்து நேற்று முளைத்தது அல்ல. 1972-ம் ஆண்டு சென்னையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் ஒரு செஸ் கிளப் ஆரம்பமானது. அமெரிக்காவின் பாபி பிஷரும் ரஷியாவின் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதி உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியதும் அதே வருஷம்தான். சென்னை கிளப்பை ஆரம்பித்து வைத்தவர் மானுவேல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். 9 தடவை தேசிய சாம்பியன். கிளப்புக்கு முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் டால் பெயரை வைத்தார்கள்.

பெயர் ராசியைப் பாருங்கள். இந்த டால் 1988-ல், 51 வயதில், கனடாவில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் காஸ்பரோவ் உள்பட எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு முதல் இடம் பிடித்தார். வயதானால் கை ஓடாது என்று யார் சொன்னது?

அந்த டால் கிளப்புக்குத் தாயார் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் வந்தான். அங்கே ஒரு வழக்கம். ஜெயித்தவன் நாற்காலியிலேயே உட்காரலாம். தோற்றவன் எழுந்து வரிசையில் போய் நிற்க வேண்டும். மறுபடி முறை வருகிறவரை கால் கடுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். நாற்காலியை விடக் கூடாது என்றால் ஜெயிக்க வேண்டும். வேகமாகவும் ஜெயிக்க வேண்டும். பையன் கற்றுக்கொண்டான். 1986-ல் 16 வயதில் தேசிய சாம்பியன். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். "மின்னல் பையன்" என்று வெளிநாட்டுக்காரர்கள் பெயர் வைத்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அந்த வேகம் பிறகும் போகவில்லை. 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக அதிவேகச் செஸ் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒரு மையத்தில் ஒரு ஹால், சில போர்டு, சில கடிகாரம், பொறுமையாகப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். அரசாங்கத்துக்கு இதில் என்ன செலவு?

சண்டையும் உண்டு

பிளிட்ஸ் கூட்டம் என்றால் எல்லோரும் புத்தர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கடைசி 30 விநாடியில் காய் பறக்கும். குதிரை ஒரு பக்கம் விழும், சிப்பாய் மேஜைக்கு அடியில் உருளும். கடிகாரத்தை ஒருவர் ஓங்கிக் குத்துவார். "நான் தொடலை சார், கை பட்டுடுச்சு" என்று இன்னொருவர் சாதிப்பார். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது சட்டம். "கொடி விழுந்துடுச்சு" என்று எதிராளி பார்த்துச் சொன்னால்தான் நேரத்தில் தோல்வி. பார்க்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் அது அவர் தலைவிதி. அப்படிச் சொல்லும்போது சொன்னவரிடம் ராஜா மட்டும் தனியாக நின்றால் ஜெயிக்க முடியாது, டிராதான்.

செக்கில் இருக்கும் ராஜாவைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டால் பழைய கிளப்புகளில் ராஜாவையே லபக்கென்று வெட்டிவிடுவார்கள். ஆட்டம் குளோஸ். இப்போது சர்வதேச விதி கொஞ்சம் இளகிவிட்டது. முதல் தப்புக்கு எதிராளிக்கு 1 நிமிடம் கூடுதல். இரண்டாவது தப்புக்குத் தோல்வி. எந்த விதியில் ஆடுகிறோம் என்பதை ஆட ஆரம்பிக்கும் முன்பே சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

மீதிப் பாதிச் சண்டைக்குக் காரணம், ஆடாமல் பக்கத்தில் நின்று வாய் கொடுக்கிற பேர்வழிகள். "யானையை எடுத்திருக்கலாமே" என்று இவர்கள் உச்சுக் கொட்டும்போது, தோற்றவருக்கு வருகிற கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த மேஜையில் ஒரு அதிசயம் நடக்கிறது. பகல் பூராவும் "சார், சார்" என்று மேனேஜர் முன்னால் நிற்கிற பியூன், அதே மேனேஜரின் ராணியை 8-வது நகர்த்தலில் வாங்கிவிடலாம். ஆட்டோ ஓட்டுகிறவரும் ஆடிட்டரும் எதிரெதிரே உட்காரலாம். பத்து வயதுப் பொடியன் பென்ஷன்காரரை அழவைக்கலாம். அழுதுவிட்டு அந்தப் பென்ஷன்காரர் பொடியனுக்கு டீயும் பன்னும் வாங்கித் தருவார். இந்த மாதிரிச் சகவாசம் வேறு எங்கே கிடைக்கும்?

செல்போனில் ஆடலாமே என்பார்கள். ஆடலாம். மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஒரு கையால் பிளிட்ஸ் ஆடுகிற வாலிபர்கள் எத்தனையோ பேர். எதிராளி அர்ஜென்டினாவிலும் இருக்கலாம், அடுத்த தெருவிலும் இருக்கலாம். முகம் தெரியாது. பக்கத்தில் இன்னொரு செல்போனை வைத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடுகிறாரா என்பதும் தெரியாது. தோற்றால் ஒரு பொத்தான், ஜெயித்தாலும் ஒரு பொத்தான். கை குலுக்க ஆள் இல்லை.

எங்கே போய் ஆடுவது?

வாரக் கூட்டத்துக்கு வருமானம் கிடையாது. வருகிறவர் டீக்குக் காசு கொடுப்பார், மிஞ்சிப்போனால் ஒரு கோப்பைக்குச் சந்தா போடுவார். அதே ஹாலில் கோச்சிங் வகுப்பு வைத்தால் மாதா மாதம் பணம் கொட்டும். ஹால் சொந்தக்காரர் யாருக்குச் சாவி கொடுப்பார்? அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கோச்சிங்கையும் குறை சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, சென்னையில் எத்தனை அப்பா-அம்மா மறுநாளே பிள்ளைக்கு வகுப்பு தேடினார்கள்! தேடட்டும். ஆனால் வகுப்புக்குக் கட்டணம், ரேட்டிங் போட்டிக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில், வெளியூர் போனால் லாட்ஜ் வாடகை என்று போகிறபோது, காசு இல்லாதவன் பிள்ளை எங்கே ஆடுவான்? சாம்பியன் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் ஆசைக்கு ஆடுகிற 40 வயதுக்காரர் எங்கே போவார்?

பூங்கா பெஞ்சில் போர்டு விரிக்கலாம். இருட்டினால் காய் தெரியாது. கூட்டம் கூடினால் இன்னொரு வம்பு. நாலு பேர் குனிந்து உட்கார்ந்து, பத்துப் பேர் சுற்றி நின்றால், ரோந்து வருகிற போலீஸ்காரருக்கு முதலில் தோன்றுவது "சீட்டாட்டமா?" என்பதுதான். அவர் தொழில் அப்படி. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டத்திலேயே, முழுக்கத் திறமையால் ஆடுகிற ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. செஸ்ஸில் பகடை இல்லை, சீட்டு இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. அதே சமயம், "ஆட்டத்துக்குப் பத்து ரூபாய்" என்று பந்தயம் கட்டுகிற ஆசாமிகளைக் கிளப்காரர்களே வாசலில் நிறுத்திவிட வேண்டும். இன்றைக்குப் பத்து என்பான், அடுத்த வாரம் நூறு என்பான். அப்புறம் போர்டு இருக்கும், செஸ் இருக்காது.

இன்னொரு குறையும் உண்டு. இந்தக் கூட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண் வைஷாலி சென்னைப் பெண். அப்படி இருந்தும் சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மாடிப்படி ஏறி ஒரு இருட்டு ஹாலுக்குள் எந்தப் பெண் வருவாள்? எந்த வீட்டில் அனுப்புவார்கள்? நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றி, வெளிச்சமான தெருவில் இடம் பிடித்து, கழிவறைக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டால் வருவார்கள். தாழ்ப்பாள் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வேகமாக ஆடினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று சொல்கிற குருமார்கள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கப் பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம். காயைத் தூக்குவதற்குள் யோசனை முடிய வேண்டும் என்பதால் அவசரக் கை பழகிவிடும் என்பது அவர்கள் பயம். ஆனால், ரேஷன் வாங்கி, பில் கட்டி, பெண்டாட்டியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி வருகிற ஆளிடம் "உட்கார்ந்து 4 மணி நேரம் ஆடு" என்றால் அவர் ஆடவே வர மாட்டார். அவருக்குப் பிளிட்ஸை விட்டால் செஸ்ஸே கிடையாது.

மாநகராட்சி என்ன செய்யலாம்?

சென்னை மாநகராட்சியில் 200 வார்டு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன, சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளி வகுப்பறையில் பெஞ்சும் மேஜையும் சும்மாதான் கிடக்கின்றன. புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டாம். திறப்பு விழா வேண்டாம், மாலை வேண்டாம். மண்டலத்துக்கு ஒரு பள்ளியில் ஒரே ஒரு அறை. 4 மணி முதல் 7 மணி வரை. 10 போர்டு, 10 கடிகாரம், குடிக்கத் தண்ணீர், ஓடுகிற மின்விசிறி. ஒரு பொறுப்பாளர் பெயரையும் நேரத்தையும் வாசலில் எழுதி வைத்தால் போதும். யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது என்பதையும் கூடவே எழுத வேண்டும். போர்டு வாங்கப் பணம் இல்லை என்றால், ஆடுகிறவர்களே கொண்டுவருவார்கள். அவர்களுக்கு வேண்டியது கூரையும் விளக்கும்தான்.

வாட்ச்மேனுக்கு 3 மணி நேரக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். அதை மட்டும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். பாலத்துக்கு வர்ணம் அடித்த கணக்கைப் பார்த்தால் இது கால் தூசு.

சாமான் களவு போகும், சுவர் அழுக்காகும் என்று ஏதாவது ஒரு ஆபீசர் பைலில் எழுதக்கூடும். ஆடுகிறவர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துப் பார்க்கட்டும். ஒரு மண்டலத்தில் மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் குறிப்பு எழுதட்டும். எந்தப் பள்ளி, எந்த அறை, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கமிஷனர் இந்த மாதத்துக்குள் சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆட ஆட்கள் தயார்.