பலர் கூடிச் செய்யும் மென்பொருள்

திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகள் நிலம் தந்தவர் யார், விளக்கெரிக்கப் பொருள் அளித்தவர் யார், எந்த ஆட்சியாண்டில் அளித்தார் என்பனவற்றைக் கூறுகின்றன. அப்பதிவுகளாலேயே அக்கோயில் பல தலைமுறையினரின் கொடையால் வளர்ந்த வகையை ஆய்வாளர் அறிகின்றனர். இக்காலத்தில் அத்தகைய பதிவுகளோடு நடைபெறும் கூட்டுப்பணி, திறந்த மூல மென்பொருள் உருவாக்கமாகும்.

இவ்வகை மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வாறே வளர்ந்தது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. அதனை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமாகும்.

இம்மென்பொருள்களில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றுடன் பதிவாகிறது. ஆதலால், பணி நடைபெறும் முறையையே ஆராய முடிகிறது. அப்பாச்சி என்னும் இணைய வழங்கி மென்பொருள் குறித்து 2002இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. நிரல் அளித்தோர் ஏறத்தாழ 400 பேர். ஆயினும், மாற்றங்களில் பத்தில் எட்டுப் பங்கிற்கும் மேலானவற்றைச் செய்தோர் பதினைவரே. பிழைகளைக் கண்டு தெரிவித்தோரோ ஏறத்தாழ 3,000 பேர்.

இம்முடிவு இரு எண்ணங்களைத் திருத்துகிறது. 'எல்லாரும் பார்ப்பதால் பிழை தானே நீங்கிவிடும்' என்பது முதலாவது. உலகின் மிகப் பல இணையத்தளங்களைக் காத்துவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில், ஒரு பெரும்பிழை ஈராண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 2014இல் வெளிப்பட்டது. அதனைப் பேணியோர் மிகச் சிலரே. பயன்கொள்வோர் பலராகவும் சுமப்போர் சிலராகவும் இருக்கும் பணி எந்நேரமும் தளரக்கூடும்.

'நிரல் எழுதத் தெரியாதவருக்கு இங்கு வேலையில்லை' என்பது இரண்டாவது. பிழையைத் தெளிவாக எடுத்துரைப்பதும் பணியே. திரையில் தமிழெழுத்து சிதைந்து தோன்றும்போதும், கட்டளைச்சொல் ஒன்று பொருந்தாத் தமிழில் அமைந்திருக்கும்போதும் அதனை உணரத்தக்கவர் தமிழறிந்தவரே. எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது, என்ன நேர்ந்தது என எழுதியனுப்ப மொழித்திறனும் பொறுமையும் போதும். நல்ல கலைச்சொல்லைப் பரிந்துரைப்பதும் அத்தகையதே.

விலையின்றிக் கிடைப்பது உழைப்பின்றி உருவானதன்று. தமிழுக்கான மென்பொருள்கள் நாளையும் நிலைத்திருக்க வேண்டுமாயின், அவற்றைப் பயன்படுத்தும் மாணவர், பிழை காணும்போது முகம் சுளித்துக் கடந்து செல்லாமல் அதனை எழுதித் தெரிவிக்கும் பழக்கத்தைக் கொள்ளுதல் வேண்டும்.