தறியும் கணிப்பொறியும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் வீடொன்றினுள் சென்று, தறியின் மேற்புறத்தை அண்ணாந்து நோக்குங்கள். துளையிட்ட அட்டைகள் பல, கயிற்றால் கோக்கப்பட்டு மாலைபோலத் தொங்கக் காண்பீர்கள். நெய்பவர் மிதியை அழுத்துந்தோறும் ஓர் அட்டை ஊசிகளின் முன் வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடு இணைந்த கொக்கி பாவிழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்படும், இழை எழாது. சேலைக் கரையில் அன்னமும் யாளியும் உருப்பெறுவது இவ்வாறே.

இதனை ஜக்கார்டு பெட்டி என்பர். பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பார், தமக்கு முன்னோர் செய்த முயற்சிகளைத் திருத்தி, 1804ஆம் ஆண்டையொட்டி இதனை அமைத்தார். இது வருமுன் நம் ஊரில் 'அடை' என்னும் நூற்கட்டே அவ்வேலையைச் செய்தது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் கருதிய கணக்கிடும் பொறிக்கு ஏவல் கூற இவ்வட்டைகளையே தேர்ந்தார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, ஹெர்மன் ஹாலரித் அமைத்த துளையட்டைப் பொறிகளால் எண்ணப்பட்டது.

துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்கள்! கணிப்பொறியும் இவ்விரண்டையே 1 என்றும் 0 என்றும் அறியும். ஒருங்குறியில் நம் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. பொறியின் கணக்கில் அது 101110000101 ஆகும்.

ஆனால், கணிப்பொறியை இயக்கியவுடன் நாம் காண்பவை இவ்வெண்கள் அல்ல. கோப்புறை, குப்பைத்தொட்டி முதலிய படங்களே. இவை அமெரிக்க அலுவலக மேசையிலிருந்து வந்தவை. ஜெராக்ஸ் நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்டார்' என்னும் கணிப்பொறியில் இத்தகைய மேசைத்திரை இருந்தது. (காஞ்சியில் தோன்றியிருந்தால் கோப்புறைக்குப் பதிலாக நூற்கண்டு இருந்திருக்குமோ, என்னவோ!) கட்டளைச் சொற்களை உருப்போடும் தொல்லையை இப்படங்கள் நீக்கின. அந்நன்மையை நான் குறைத்துக் கூறேன். எனினும், திரை காட்டுவதினும் மறைப்பதே மிகுதி என்பது என் குறை.

கரையில் பிழை நேர்ந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, அட்டைகளை எண்ணி, பிழையான அட்டையைக் கண்டு, தவறான துளையின்மேல் தாள் ஒட்டுகிறார். அன்னத்தின் படத்தை மட்டும் அறிந்தவரால் இஃது இயலாது. பழங் கணிப்பொறிகளை வாங்கிப் பிரித்துப் பூட்டுவது என் பொழுதுபோக்கு. 'இனி உதவாது' என்று கழிக்கப்பட்டவற்றுள் சில, விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்ததும் ஓடின. சிலவற்றுக்குக் கூடுதல் நினைவகம் போதுமானதாயிற்று. பிரிக்க விரும்பும் மாணவர் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கைவைத்தல் வேண்டும். மின்வழங்கும் பெட்டியை மட்டும் திறத்தலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாரும் பொறியைப் பிரிக்க வேண்டுமா எனக் கேட்கலாம். வேண்டுவதில்லை. நெய்வோர் அனைவரும் அட்டை வெட்டுவதில்லை; ஆயினும், கூப்பிடு தொலைவில் வெட்டத் தெரிந்தவர் ஒருவர் உளர். இன்று சேலைக் கோலங்கள் கணிப்பொறித் திரையில் வரையப்படுகின்றன. அட்டை நீங்கி, மின்னணுப் பெட்டி ஏறிய தறிகளும் உள்ளன. அங்கே அன்னத்தின் கழுத்துப் பிசகினால் தடவிப் பார்க்கத் துளையில்லை. அதனைத் திருத்த வல்லவர் வெளியூரிலிருந்து வரும்வரை தறி நிற்பது எனக்கு உடன்பாடன்று. அவர் அத்தெருவிலேயே வாழ்பவராக, இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும்.