நடக்காத விபத்துக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால ரெண்டு மாசமா கடைப்பக்கமே வரலை. இன்னைக்கும் மொக்கை ஒண்ணு போடலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. கொஞ்சம் சீரியஸ் பதிவு, பொறுத்துக்கோங்க மக்கா.

நான் இருக்கிறது டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில். ராணுவ ஊர். பக்கத்து வீட்டுக்காரர் ஈராக் போய் வந்தவர். 2007ல ரோட்டோரம் வச்சிருந்த குண்டு வெடிச்சு வண்டியோட தூக்கி எறியப்பட்டவர். கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பார்த்தா சிரிப்பார், கை குலுக்குவார். குடி வந்து ஆறு மாசம் வரைக்கும் அவருக்கு ஒரு குறையும் இல்லைன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அடி பட்டது தலைக்குள்ள.

போன வாரம் அவர் மனைவி வந்து, "எங்க பிரிண்டர் மக்கர் பண்ணுது, 11 பக்கம் எடுத்துத் தர முடியுமா?"ன்னு கேட்டாங்க. அவருக்கு எவ்வளவு உதவி தேவைன்னு மறுபடி மதிப்பீடு பண்ண வர்றாங்களாம். அதுக்காக ஒரு மாசம் எழுதி வச்ச குறிப்பு. அவங்க அனுமதியோட சில வரிகள்: மதியம் 2 மணி, அடுப்பை அணைச்சேன். 4 மணி, ரெண்டாவது தடவை மாத்திரை போடப் போனார், தடுத்தேன். கடையில சத்தம் அதிகம், கோபம் வர்றதுக்குள்ள வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். ராத்திரி 3 மணி, வாசக்கதவு.

படிச்சுட்டு நிமிர்ந்தேன். அந்தம்மா சொன்னாங்க: "குளிக்க வைக்கிறீங்களா, ஊட்டி விடறீங்களான்னு கேட்பாங்க. இல்லைன்னுதான் சொல்லணும். எல்லாம் அவரே செய்வார், நான் ஞாபகப்படுத்தினா. நடக்காத விபத்தை நான் எப்படிங்க நிரூபிக்கிறது?"

இந்தப் பதிவே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

2000ல இருந்து 5 லட்சத்துக்கும் மேல அமெரிக்கப் படையினருக்கு மூளைக் காயம்னு பதிவாகியிருக்கு. பெரும்பாலும் லேசானது. போர்ல மட்டும் இல்லை, பயிற்சியிலயும் வண்டி விபத்துலயும் பட்டதும் அதுல சேர்த்தி. ஆனா பலமா பட்டவங்களுக்கு ஞாபகம், திட்டமிடுறது, கோபத்தை அடக்குறதுன்னு எல்லாமே தடுமாறும். உடம்பு ஓடுது, பிரேக் இல்லை. அந்த பிரேக்கா இருக்கிறவங்க மனைவி, இல்லைன்னா பெத்தவங்க.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது பொய். 2008ல, காயம்பட்ட வீரரைப் பார்த்துக்க 26 வாரம் வரைக்கும் லீவு எடுக்கலாம்னு சட்டம் வந்துச்சு. சம்பளம் கிடையாது, ஆனா வேலை போகாது. 2010 மே மாசம் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்துல, பார்த்துக்கறவங்களுக்கே மாசாமாசம் உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, மனநல ஆலோசனை, வருஷத்துக்கு 30 நாளாவது மாற்று ஆள்னு நல்ல விஷயங்கள் வந்துச்சு. முதல்ல 2001 செப்டம்பருக்கு அப்புறம் காயம்பட்டவங்களோட குடும்பத்துக்கு மட்டும்தான். 2018 சட்டத்தால மத்தவங்களுக்கும் விரிஞ்சு, 2022 அக்டோபர்ல எல்லாப் போர்க்காரங்களுக்கும் கதவு திறந்தது.

சிக்கல் அளவுகோல்ல. "கண்காணிப்பு தேவை" அப்படிங்கிறதும் ஒரு தகுதின்னு 2010 சட்டத்துலயே இருக்கு. ஆனா 2020ல வந்த விதிகள் அந்தத் தேவை தினமும் இருக்கணும்னு இறுக்கிடுச்சு. மூளைக் காயம் காலண்டர் பார்த்தா வரும்? நாலு நாள் நல்லா இருப்பார், அஞ்சாம் நாள் அடுப்பு. 2022 மார்ச்ல ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரையறை சட்டத்துக்குப் பொருந்தலைன்னு தள்ளிடுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா கோர்ட்டுக்குப் போய்த்தான் இது புரியணுமா?

"புருஷனைப் பார்த்துக்கறதுக்குப் பொண்டாட்டிக்குக் காசா?"ன்னு நம்மாளு ஒருத்தர் கேட்டார். அண்ணே, பாசத்துக்கு யாரும் விலை பேசலை. அந்தம்மா டீச்சர் வேலையை விட்டு 17 வருஷம் ஆச்சு. சம்பளம் போச்சு, அதோட ஓய்வுக்கால சேமிப்பும் போச்சு. நாளைக்கு அவங்க படுத்துட்டா ரெண்டு பேரையும் பார்க்க ஆள் இல்லை. 2014ல ராண்ட் நிறுவனம் பண்ண ஆய்வுல, இப்படி வீரர்களைப் பார்த்துக்கறவங்க சுமார் 55 லட்சம் பேர்னு சொன்னாங்க. அத்தனை பேரும் கையை விட்டா எந்த ஆஸ்பத்திரி தாங்கும்?

என் கருத்து இதுதான். கை செய்யுற வேலையை எண்ணுற மாதிரி, கண் செய்யுற வேலையையும் மணிக்கணக்குல எண்ணணும். ஆறாதுன்னு டாக்டரே சொல்லிட்ட காயத்தைத் திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொல்லக்கூடாது. பார்த்துக்கறவங்களோட ஓய்வுக்காலத்துக்கும் ஒரு வழி வேணும். "அவர் எப்படி இருக்கார்?"னு மட்டுமே கேட்கிற நாம, "நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னும் கேட்கணும்.

சும்மா எழுதினா போதாதுன்னு தங்கமணி சொன்னதால, சனிக்கிழமை நான் அவர்கூட ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அந்தம்மா முடி வெட்டிக்கப் போனாங்க. அவர் என் பேரை அஞ்சு தடவை கேட்டார். ரெண்டு தடவை கார் சாவியைத் தேடினார். ஒரு தடவை அடுப்படிக்குப் போனார், பின்னாடியே நானும் போனேன். டீவியில என்ன ஓடுச்சுன்னு கேட்டா சத்தியமா தெரியாது.

அந்தம்மா திரும்பி வந்து, "ஏதாவது ஆச்சா?"ன்னாங்க.

"ஒண்ணும் ஆகலைங்க"ன்னேன். வீட்டுக்கு வந்து விழுந்தவன் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கலை.

டிஸ்கி: பக்கவாதமோ மறதி நோயோ வந்தவங்களை வீட்டுல வச்சுப் பார்த்துக்கற பதிவர்கள் நம்ம கூட்டத்துலயும் இருக்கீங்கன்னு தெரியும். உங்க 11 பக்கத்துல என்ன இருக்கும்? பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே, நீங்க எப்படி இருக்கீங்க?